யானைத்தீ: உணவோடு போரிடும் உள்ளம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்தில் இருவர் சந்திக்குமிடத்து முதலில் எழும் வினா பெரும்பாலும் உணவு பற்றியதாகவே இருக்கும். "சாப்பிட்டாச்சோ?" என்னும் அவ்வினா விடையை வேண்டிக் கேட்கப்படுவதன்று. அது அன்பின் அடையாளம், உறவின் ஒப்புதல். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் தேநீரேனும் அருந்தாமற் சென்றால் வீட்டாருக்கு அது மனக்குறையாகும். இத்தகைய சமூகத்தில் உணவை மறுப்பவர் உணவை மட்டும் மறுத்தவராகக் கொள்ளப்படுவதில்லை. இட்ட கையையும் மறுத்தவராகவே கொள்ளப்படுகின்றார். அளவிறந்து உண்பவரோ தம்மைத் தாம் ஆளமாட்டாதவர் என எள்ளப்படுகின்றார். உண்ணாமை, மிகையாக உண்ணல் ஆகிய இரண்டும் இவ்வாறு அறத்தின் அளவுகோலாலேயே அளக்கப்படுகின்றன. அவ்வாறாயின், உண்ணற் கோளாறு என மருத்துவம் பெயரிட்டுள்ள நோயோடு வாழ்பவரின் உள்ளநிலை எத்தகையது? அவர்மீது குற்றஞ் சுமத்துதல் தகுமா? அவரைச் சூழ்ந்திருப்போரின் கடப்பாடு யாது? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவற்றை ஆராயப் புகுவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள நயினாதீவை, மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என ஈழத்தறிஞர் பலர் இனங்காண்பர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்து சேர்ந்தது அத்தீவின் கோமுகிப் பொய்கையிலேயாம். அப்பாத்திரத்தைப் பற்றி அறிந்தோர் பலர். ஆயின், அதனால் முதன்முதற் பசி தீர்ந்தவள் யார், அவளது பசி எத்தகையது என்பவற்றை நின்று நோக்கியோர் சிலரே. அவள் காயசண்டிகை. அவளைப் பற்றிய நோய்க்குச் சாத்தனார் இட்ட பெயர் யானைத்தீ.

வடதிசைக் காஞ்சனபுரத்து விஞ்சையர் மகளான காயசண்டிகை தன் கணவன் காஞ்சனனோடு பொதியிலுக்கு வந்தாள். ஆங்கு ஆற்றங்கரையிலே, விருச்சிகன் என்னும் முனிவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் நாவற்கனியைத் தேக்கிலையில் வைத்து நீராடச் சென்றிருந்தான். அவள் அதனைக் காலால் மிதித்துச் சிதைத்தாள். மீண்டு வந்த முனிவன், தான் அடுத்த கனியை உண்ணும் நாள்வரை அவள் பசியால் வாடுக எனச் சபித்தான். அன்றுமுதல் எத்துணை உண்டும் அவள் வயிறு அடங்கவில்லை. கணவன் காயும் கனியும் கிழங்குமாகக் கொணர்ந்து குவித்தும் பயனின்றிப் போயிற்று. ஈற்றில், ஈகையிற் சிறந்தோர் வாழும் புகார் நகரில் அவளை இருக்கச் செய்து, ஆண்டுதோறும் இந்திரவிழாக் காலத்தில் வந்து அவள் நிலை கண்டு வருந்திச் சென்றான் அவன்.

இக்கதையில் மூன்று செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, செயலுக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு. ஒரு கணத்தின் கவனமின்மைக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பசி ஈடாக்கப்படுகின்றது. இரண்டாவது, தன் கதையைக் கூறுமிடத்துக் காயசண்டிகை தன்னையே நொந்துகொள்கின்றாள் என்பது. தீவினை வந்து உருத்ததென்றும், தான் செருக்கோடு நடந்ததாகவும் அவளே சொல்கின்றாள். துன்புறுவோர் தம் துன்பத்துக்குத் தாமே காரணம் என நம்புதல் புதியதன்று என்பது இதனாற் புலனாகும். மூன்றாவது, எல்லாவற்றினும் நுண்ணியது. அடங்காப் பசியைச் சாபமாக இட்டவன் பெருந்தீனியாளன் அல்லன். பன்னிரண்டு ஆண்டு உண்ணாதிருந்த தவசி. எல்லை கடந்த கட்டுப்பாடும் எல்லை கடந்த பசியும் ஒரே கனியின் இருபுறத்தும் நிற்கின்றன.

சாத்தனார் உளவியல் நூல் எழுதினாரல்லர். எனினும், இம்மூன்றாவது செய்தியை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வொன்று வேறொரு வழியால் உறுதிசெய்தது எனலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 நவம்பர் தொடக்கம் 1945 வரை, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பாரின் தலைமையில் பட்டினி பற்றிய பரிசோதனையொன்று நடைபெற்றது. போரிடுவதை மனச்சான்றின்பாற்பட்டு மறுத்த 36 இளைஞர் தாமாகவே அதற்கு உடன்பட்டனர். உடலும் உள்ளமும் நலமுற்றிருந்தோரே தெரிவுசெய்யப்பட்டனர். இருபத்து நான்கு கிழமைகள் அவர்களது உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் மெலிந்தமை எதிர்பார்த்ததே. எதிர்பாராதது உள்ளத்தில் நிகழ்ந்தது. உணவன்றி வேறெதிலும் அவர்களுக்கு நாட்டம் இல்லாது போயிற்று. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்துப் படிக்கலாயினர். தட்டிலிருந்த சிற்றுணவை நெடுநேரம் வைத்து உண்டனர். நண்பரை விட்டு ஒதுங்கினர்; சினமும் சோர்வும் மிகுந்தன. மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் வயிறு கொள்ளாத அளவு உண்டும் பசி தீராது தவித்தனர். அவர்களை எவரும் சபிக்கவில்லை. நீண்ட பட்டினியே யானைத்தீயை மூட்டியது. 'மனவலிமை இல்லாமையால் உண்கின்றாள்', 'பிடிவாதத்தால் உண்ணாதிருக்கின்றாள்' என்னும் எளிய தீர்ப்புகள் இவ்விடத்தே ஆட்டங் காண்கின்றன. பட்டினி கிடக்கும் உடல் தன் உள்ளத்தையும் மாற்றியமைத்துவிடுகின்றது.

மருத்துவ உலகு இந்நோயை இனங்கண்டமை பற்றியும் ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். 1689இல் ரிச்சர்ட் மோர்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், வேறு நோய் எதுவுமின்றி உண்ண மறுத்து மெலிந்தோரைப் பற்றி எழுதினார். 1873இல் பாரிஸ் நகரில் லாசேக் என்பாரும் இலண்டனில் வில்லியம் கல் என்பாரும் ஒருவரையொருவர் சாராது இதனை விளக்கினர். அனொரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் கல் இட்டது. நரம்பு சார்ந்த பசியின்மை என்பது அதன் பொருள். அப்பெயர் முற்றிலும் பொருந்துவதன்று. இந்நோயுற்றோருட் பலருக்குப் பசி அற்றுப்போவதில்லை. அவர்கள் இரவும் பகலும் பசியோடேயே வாழ்கின்றனர். அளவிறந்து உண்டு, பின் அச்சமும் வெறுப்பும் மேலிட உண்டதை வெளியேற்ற முனையும் நிலையை 1979இல் ஜெரால்ட் ரசல் என்பார் புலிமியா நெர்வோசா எனத் தனியே விளக்கினார். வெளியேற்றல் இன்றி மிகையுண்டி மட்டும் நிகழும் நிலை 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் தனி நோயாக ஏற்கப்பட்டது. உளநோய்களுள் மிக உயர்ந்த இறப்பு வீதமுடையவற்றுள் அனொரெக்சியா ஒன்று என்பதும் கருதற்பாலது. அழகுப் பித்து என்று நகைத்து ஒதுக்கத்தக்க விடயமன்று இது.

இனி, அந்நோயோடு வாழும் உள்ளத்தை நோக்கலாம். பெயரற்ற ஒருத்தியை எண்ணிக்கொள்ளுதல் இதற்குத் துணைபுரியும். ஆண்களும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆயினும் இளம் பெண்களிடையே இது மிகுதியாகக் காணப்படுகின்றது. தொடக்கத்தில் அவளுக்குக் கிடைப்பது துன்பமன்று, ஒருவகை வெற்றியுணர்வு. பரீட்சை, பெற்றோரின் எதிர்பார்ப்பு, வருங்காலம் என எதுவும் தன் கைவசப்படாத வாழ்வில் ஒன்று மட்டும் தன் சொற்படி நடப்பதாக அவள் உணர்கின்றாள். தோழியர் உண்ணும்போது தான் உண்ணாதிருத்தல் அவளுக்குத் தூய்மையாகவும் உயர்வாகவும் தோன்றுகின்றது. 'மெலிந்து வடிவாகிவிட்டாய்' என்னும் புகழ்ச்சி அவ்வுணர்வுக்கு நீர் வார்க்கின்றது. சில திங்கள் கழிய, ஆள்பவள் யார் ஆளப்படுவது எது என்பது மயங்கத் தொடங்குகின்றது. கண்விழிக்கும்போதே கணக்கு எழுகின்றது. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்பதே விரிவுரை மண்டபத்திலும் கோயில் வீதியிலும் அவளோடு நடக்கின்றது. விருந்தழைப்பு அச்சமாகின்றது. கலியாண வீடும் திவசமும் பிறந்தநாளும், பிறர் உறவாடும் இடங்களாக அவளுக்குத் தெரியவில்லை; தான் கண்காணிக்கப்படும் இடங்களாகவே தெரிகின்றன. பங்குனி வெயிலிலும் அவளுக்குக் குளிர்கின்றது.

இவற்றினும் கொடிது பொய். 'தோழி வீட்டிற் சாப்பிட்டேன்' என்று தாயிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் தன்னை வெறுக்கின்றாள். பொய் சொல்லப் பழகாத நாவு பொய்யிலேயே வாழ வேண்டியதாகின்றது. மறுபுறம், எல்லாரும் உறங்கிய பின் அடுக்களையில் தனித்து நின்று, சுவையும் அறியாது விரைந்து உண்பவளின் நிலை. உண்ணும் கணத்தில் உள்ளம் மரத்துப் போகின்றது; உண்டு முடித்த கணத்தில் நாணம் முழுமையாக வந்து கவிகின்றது. மறுநாட் பட்டினி அந்நாணத்துக்குக் கழுவாயாகின்றது. அப்பட்டினியே அடுத்த இரவின் மிகையுண்டிக்கு வித்துமாகின்றது. இவ்விருவரும் வெவ்வேறானோர் அல்லர்; பல வேளைகளில் ஒருத்தியே இருவராகவும் வாழ்கின்றாள். நோயை அவள் வெறுக்கின்றாள்; அதனை இழக்கவும் அஞ்சுகின்றாள். அது போய்விட்டால் தன்னிடம் எஞ்சுவது யாது என்பது அவளுக்குத் தெரியவில்லை. 'நலம்பெற விரும்பினால் உண்ணலாமே' என்று கூறுவோர் இவ்விரட்டை நிலையை உணராதவராவர்.

இவ்விடத்து ஓர் எதிர்வினா எழுதல் இயல்பு. உண்ணாமையை உயர்வெனப் போற்றும் மரபு நம்மவரிடம் இல்லையா? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் கேதாரகௌரிக்கு இருபத்தொரு நாளும் நோன்பிருப்போர் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் தவிர்க்கும் வீடுகள் பல. அரசியற் களத்திலும், 1956இல் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனார், 1987 செப்ரெம்பரில் நல்லூர் வீதியில் உண்ணாதிருந்து பன்னிரண்டாம் நாள் உயிர்நீத்த திலீபன் ஆகியோரைத் தமிழர் நினைவு மறக்கவில்லை. அங்ஙனமாயின் அவற்றுக்கும் இந்நோய்க்கும் வேறுபாடு யாது?

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையில் விரதத்தை வரையறுக்குமிடத்து, உணவை விடுதலையும் சுருக்குதலையும் இலக்காகக் கூறினாரல்லர். மனம் பொறிகளின் பின்னே ஓடாதிருத்தற்கு அவை துணை, வழிபாடே இலக்கு. இதனின்று பெறப்படும் வேறுபாடுகள் தெளிவானவை. விரதத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. பாரணை செய்யும் காலை, நோற்றவர் சுற்றத்தோடு அமர்ந்து உண்பர். விரதம் ஊரறிய நிகழ்வது. பலரோடு கூடி நிகழ்வது. அது மனத்தை உணவினின்று விடுவிக்க முயல்கின்றது. அரசியல் உண்ணாவிரதத்துக்கோ வெளிப்படையான கோரிக்கை உண்டு, கேட்போரும் உண்டு. உண்ணற் கோளாற்றிற் பாரணை இல்லை. ஓர் எல்லையை அடைந்ததும் மற்றோர் எல்லை முன்னே நகர்ந்து நிற்கின்றது. அது மறைவில் நிகழ்வது, தனிமையை வளர்ப்பது. மனத்தை உணவினின்று விடுவியாது, உணவோடு இறுகப் பிணிக்கின்றது. கோரிக்கை ஏதேனும் அதன் அடியில் இருப்பினும், அதனைக் கூறும் சொல் அந்நோயாளிக்கே கிட்டவில்லை. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோன்பு என்னும் மதிப்புமிக்க ஆடை இந்நோய்க்குப் போர்வையாக அமைதல் எளிது. வாரத்தில் ஒருநாள் என்றிருந்த நோன்பு இரண்டாகி, நான்காகி, அதனை எவரும் வினவத் துணியாத நிலை வரலாம். பாரணையை ஒத்திப்போடும் நோன்பைக் கண்டால் வீட்டார் பக்தியென மகிழ்தலினும் அருகிருந்து விசாரித்தலே நன்று.

இந்நோய் மேனாட்டார்க்கு உரியது. புட்டும் சொதியும் உண்டு வளரும் பிள்ளைகளுக்கு இது வராது என்பாரும் உளர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்பதாக இல்லை. பீஜித் தீவுகளின் நட்ரோகா மாகாணத்தில், பருத்த உடலே மதிக்கப்பட்டு, மெலிதல் கவலைக்குரியதாகக் கருதப்பட்ட சமூகமொன்றில், 1995இல் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. அவ்வேளையும் மூன்றாண்டின் பின்னும் ஆன் பெக்கர் என்பார் பாடசாலை மாணவியரிடையே ஆய்வு நடத்தினார். எடையைக் குறைக்கும் பொருட்டு உண்டதை வாந்தியெடுப்பதாகக் கூறியோர் 1995இல் ஒருவரும் இலர். 1998இல் நூற்றுக்கு 11.3 வீதத்தினர். பண்பாடு வேலியாக நிற்கும் என்னும் நம்பிக்கை எத்துணை மெல்லியது என்பதை இது காட்டுகின்றது. அதேவேளை, இந்நோய் எங்கும் ஒரே முகத்தோடு தோன்றுவதுமில்லை. கொங்கொங்கில் சிங் லீ என்பார் ஆராய்ந்த 70 அனொரெக்சியா நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர் பருமன் பற்றிய அச்சத்தை வெளியிடவேயில்லை. வயிறு ஊதுகின்றது, பசியில்லை என்றே கூறினர். யாழ்ப்பாணத்து மருத்துவரிடம் 'வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது' என்று வரும் பிள்ளையின் சொல்லுக்குப் பின்னால் வேறொரு துயர் ஒளிந்திருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

யாழ்ப்பாணச் சமூகத்துக்கே உரிய சில நிலைமைகளையும் நோக்குதல் வேண்டும். பெண் பருவமடைந்ததும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உழுத்தங்களியும் அவள் வேண்டினும் வேண்டாவிடினும் ஊட்டப்படுகின்றன. சாமத்தியவீட்டு மேடையிலே அவள் உடல் ஊரின் பார்வைக்குரியதாகின்றது. 'உடம்பு வைச்சிட்டுது', 'வத்திப் போனாய்', 'கறுத்துப் போனாய்' என்னும் சொற்களை அன்பென்றெண்ணியே உறவினர் சொல்கின்றனர். பின்னர் கலியாணப் பேச்சுக் காலத்தில் புகைப்படமும் நிறமும் பருமனும் மீண்டும் அளக்கப்படுகின்றன. இன்றோ கைத்தொலைபேசியின் சிறு திரை நாள் முழுவதும் அவ்வளவையைத் தொடர்கின்றது. தன் உடல் தன்னுடையது என்னும் உணர்வே வாய்க்கப்பெறாத ஒருத்தி, உண்ணாமையால் மட்டுமே அதனைத் தனதாக்க முயல்வாளாயின் வியப்பதற்கில்லை.

மறுபுறம் அவளைப் பெற்றவளின் நிலை. அத்தாய் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திற் சிறுமியாகவோ இளம் பெண்ணாகவோ இருந்தவள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது, கையில் இருந்த சிறு உணவைப் பகிர்ந்துண்ட நினைவு அவளிடம் இருக்கக்கூடும். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற கை அவளுடையது. தன் பிள்ளை ஒருநாளும் பசித்திருக்கக் கூடாது என்பதே அவள் வாழ்வின் உறுதி. அத்தகையவள் முன்னே நிறைந்த தட்டை மகள் தள்ளி வைக்கும்போது, அவள் அடையும் வேதனை சினமாக வெளிப்படுகின்றது. 'நாங்கள் சோற்றுக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியுமோ?' என அவள் கேட்கின்றாள். அக்கேள்வி நேர்மையானது. ஆனால் மகளின் செவியில் அது மற்றொரு குற்றப்பத்திரமாகவே விழுகின்றது. பசியால் வருந்திய தலைமுறையும் பசியைத் தானே தேடிக்கொள்வதாகத் தோன்றும் தலைமுறையும் ஒரே அடுக்களையில் எதிரெதிரே நிற்கின்றன. இருவரும் அன்பற்றவர் அல்லர். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாமையே இங்குள்ள துயர்.

ஆபுத்திரன் கதை இத்தாயின் நிலையை விளக்கவல்லது. அமுதசுரபியைக் கையிலேந்திப் பலர் பசியைத் தீர்த்தவன் அவன். கலத்திலிருந்தோர் அறியாது சென்றுவிட, மனிதரற்ற மணிபல்லவத்தில் அவன் தனித்துவிடப்பட்டான். குறையாத பாத்திரம் கையில் இருந்தும் ஏற்பார் இலர். தான் மட்டும் உண்டு உயிர்தாங்க விரும்பாது, பாத்திரத்தைக் கோமுகியில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். கொடுப்போன் ஏற்போனாலேயே வாழ்கின்றான் என்னும் உண்மை இதனிற் பொதிந்துள்ளது. மகள் உண்ண மறுக்கும்போது தாயும் ஒருவகையில் ஏற்பாரற்ற தீவில் விடப்பட்டவளாகின்றாள். ஆதலின் இந்நோயிற் பரிவுக்குரியோர் ஒருவரல்லர், இருவர்.

இதுவரை கூறியவற்றால், நோயுற்றவர்மீது பழி சுமத்துதல் தகாது என்பது பெறப்படும். ஆயின், பழியில்லை எனின் பொறுப்பும் இல்லையோ என வினவலாம். வீட்டாரை ஏமாற்றுதலும், அவர் உறக்கத்தைக் கெடுத்தலும், மருத்துவரிடம் மறைத்தலும் ஒருவரது பொறுப்புக்கு முற்றிலும் அப்பாற்பட்டவையோ? இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. நோயாளிக்கு எப்பொறுப்பும் இல்லை என்பது அவரை மனிதராக மதியாது பொருளாக மதிப்பதில் முடியும். மீண்டும் காயசண்டிகையிடமே செல்லலாம். அமுதசுரபியில் முதற்பிச்சை யாரிடம் பெறவேண்டும் என்பதை மணிமேகலைக்குச் சொன்னவள் அவளே. ஆதிரையின் கதையைக் கூறி, அவள் மனைக்கு வழிகாட்டியவள், பசியால் வெந்துகொண்டிருந்த அந்நோயாளியே. சாபத்துக்கு அவள் பொறுப்பல்லள் என்று கொண்டாலும், பாத்திரத்துக்கு முன் வந்து நிற்பதும், தான் அறிந்ததைச் சொல்வதும் அவள் செயல். கடந்ததற்குப் பழியும் வருவதற்குப் பொறுப்பும் வேறு வேறானவை. உதவியை ஏற்றல், உண்மையைச் சிறிது சிறிதாகச் சொல்லுதல், தவறியபோது மீண்டும் வருதல் என்பனவே நோயுற்றவரிடம் எதிர்பார்க்கத்தக்க அறம். அவ்வறமும் பழியின் நிழலில் முளைக்காது.

சூழ்ந்திருப்போரின் கடப்பாடு பற்றி மருத்துவ வரலாறு ஒரு படிப்பினையைத் தருகின்றது. பெயரிட்ட கல், உறவினரையே நோயாளியைப் பேணுதற்குத் தகுதி குறைந்தோராகக் கருதினார். அவர்களிடமிருந்து பிரித்தலே நன்றென்றார். ஒரு நூற்றாண்டின் பின், 1980களில் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சைமுறை இதனைத் தலைகீழாக்கியது. பெற்றோர் நோய்க்குக் காரணர் அல்லர். இளையோர் நலம்பெறுதற்கு அவர்களே முதன்மைத் துணை என அது கொண்டது. நோய் வேறு, பிள்ளை வேறு எனப் பிரித்துணரவும், பழிக்காது, விட்டுக்கொடாது, பொறுமையோடு உண்பிக்கவும் அது பெற்றோரைப் பயிற்றியது. உயிருக்கு இடர் நேரும் நிலையில் நோயாளியின் மறுப்பை மீறியும் மருத்துவர் செயற்பட வேண்டியதாகலாம். பட்டினியால் மாற்றமுற்ற உள்ளத்தின் மறுப்பு முழுச் சுதந்திரத்தின் மறுப்பன்று என்பதே அதற்கு நியாயம். ஆனால், அவ்வதிகாரம் இழந்த சுதந்திரத்தை மீட்டுத் தருதற்கே உரியது. நாணச் செய்தற்கு உரியதன்று. யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அவற்றின் வாயிலை மிதித்தலை மானக்கேடெனக் கருதும் மனப்பான்மையே பலரைத் தாமதிக்கச் செய்கின்றது. அத்தாமதத்தின் விலை உயிராகவும் இருக்கலாம்.

நோயற்ற தோழருக்கும் விரிவுரையாளருக்கும் ஒரு சிறு கடமை உண்டு. ஒருவரின் உடலைப் பற்றிப் புகழ்ச்சியாகவேனும் இகழ்ச்சியாகவேனும் பேசாதிருத்தல் அது. 'ஏன் உண்ணவில்லை?' என்பதினும் 'எப்படி இருக்கின்றாய்?' என்பதும், விடை வரும்வரை காத்திருப்பதும் மேலானவை. உண்ண மறுப்பவருக்கு இடவேண்டிய முதற்பிச்சை சோறாக இல்லாதிருக்கலாம். தீர்ப்பின்றிக் கேட்கும் செவியாக இருக்கலாம். சோறு அதன் பின்னே வரவேண்டும், வராதிருக்கவும் கூடாது.

காயசண்டிகையின் கதை பசி தீர்ந்ததோடு முடிவதில்லை. யானைத்தீ தணிந்து, மறந்த மந்திரம் மீண்டு, அவள் வான்வழியே ஊர் நோக்கிப் புறப்பட்டாள். விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை, தன் மலைக்கு மேலாகப் பறப்போரை அவர்தம் நிழலைப் பற்றி ஈர்த்துத் தன் வயிற்றில் அடக்குபவள். அதனை அறியாத காயசண்டிகை அவளுக்கு இரையானாள். பன்னிரண்டு ஆண்டு பசித்தவள் மற்றொரு வயிற்றில் மறைந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளின் முடிவில் மனைவியைத் தேடி வந்த காஞ்சனனுக்கும் அது தெரியவில்லை. இம்முடிவு கொடியது, ஆயினும் இந்நோயைப் பற்றி அறிந்தோர்க்கு அந்நியமானதன்று. உண்ணத் தொடங்கிவிட்டாள், இனிக் கவலையில்லை என்று எல்லாரும் கைவிடும் வேளையே இடர்மிக்க வேளை. தன் நிழல் இன்னமும் தரையில் தன்னைத் தொடர்வதை அவள் மட்டும் அறிவாள். அவளைத் தனியே பறக்கவிடாது, மலையைக் கடக்கும்வரை உடன் செல்வோர் வேண்டும். யானைத்தீயைத் தணிக்க ஒருபிடிச் சோறு போதியதாயிற்று என்பது காப்பியத்தின் அற்புதம். வாழ்விலோ அவ்வொருபிடி நாள்தோறும், பழிச்சொல் கலவாது, மீண்டும் மீண்டும் இடப்பட வேண்டியதாகும்.